செவப்புப் பொட்டலமும் ஒரு முழத் துணியும்

போன மாதம் எங்கள் ஓய்வுபெற்ற சுகாதார ஊழியர் சங்கக் கூட்டத்தில் பேச ஒரு இளைஞரை அழைத்திருந்தார்கள். மருந்துத் துறையில் பெரிய படிப்புப் படித்தவர். ஒரு புது மருந்து உருவாகப் பத்துப் பதினைந்து வருஷம் பிடிக்கும், அத்தனை வருஷம் பணத்தைப் போட்டுவிட்டு எந்த முதலாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வரியில் சலுகை வேண்டும், விற்கும் உரிமை வேண்டும், அப்போதுதான் தனியார் ஆராய்ச்சிக்கு வருவார்கள் என்று அழகாக விளக்கினார். கடைசியில், "உங்களில் யாராவது தனியார் ஆராய்ச்சியில் வேலை பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் மட்டும் கையைத் தூக்கினேன்.

"எந்தக் கம்பெனி சார்?"

"தோல் ஷாப்பு."

அரங்கமே சிரித்தது. அவர் பெருந்தன்மையோடு எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார். நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, திண்டுக்கல்லில் சவரிமுத்து முதலாளியின் தோல் ஷாப்பில் சேர்ந்தேன். வாசலில் நின்று, வண்டியில் வரும் ஆவாரம்பட்டையை எடை போடுவது என் வேலை. தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டைதான் வேண்டும். அந்த வாடை உடம்பில் ஏறினால் சோப்பு போட்டாலும் போகாது. டவுன் பஸ்ஸில் நான் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். கூட்டமான பஸ்ஸில் கால் நீட்டி உட்கார்ந்து போன ஒரே ஏழை நான்தான்.

முதலாளி குள்ளமான, வேகமான மனிதர். வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் குடை. அவருக்கு எதுவும் வீணாகக் கூடாது. சாறு இறங்கிய பட்டைச் சக்கை மலை மலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒருநாள் அவருடைய ஆடிட்டர் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார்: அறிவியல் ஆராய்ச்சிக்குச் செலவழித்தால் அந்தத் தொகைக்கு வரி கிடையாது. இன்னொன்றும் சொன்னார்: புது மருந்து கண்டுபிடித்துப் பேட்டண்ட் வாங்கிவிட்டால் பதினாறு வருஷத்துக்கு வேறு எவனும் அதைச் செய்ய முடியாது.

முதலாளி சக்கை மலையைப் பார்த்தார். அன்றைக்கு ஆராய்ச்சி பிறந்தது.

மறுநாள் வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, ஒம் பேரு என்ன?"

"ஆரோக்கியம்ங்க."

"பேரே ஆரோக்கியம்! நாளையிலருந்து நீ மருந்து டிபார்ட்மெண்டு."

என் தகுதித் தேர்வு அவ்வளவுதான்.

எங்கள் மேலதிகாரியாக வந்தவர் டாக்டர் தெய்வநாயகி. சென்னையில் படித்தவர், நாற்பது வயதிருக்கும், வெள்ளைப் புடவை, கனமான கண்ணாடி. திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கும்போது அவரிடம் ஒரு பெட்டியில் துணியும் மூன்று பெட்டிகளில் புத்தகமும் இருந்தன. புத்தகப் பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றியவன் நான்தான் என்பதால் இன்றும் நினைவிருக்கிறது. அவர் ஆராய எடுத்துக்கொண்ட நோய் நரம்புச் சிலந்தி.

இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. படிக்கட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி இருக்கும். அந்தப் பூச்சிக்குள் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு அதைக் குடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் எழும்பும். அது உடைந்து, சேமியா மாதிரி வெள்ளையாக ரெண்டு முழப் புழு வெளியே தலைகாட்டும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலோடு அவர் கிணற்றுப் படியில் இறங்கினால், புழு அங்கே குஞ்சு விடும். அடுத்த வருஷத்துக்கு ஊருக்கே விதை போட்டாயிற்று. வெள்ளாமை நேரத்தில் பாதி ஊர் கட்டிலில் கிடக்கும்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் பூச்சி நின்றுவிடும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். சுகாதார இன்ஸ்பெக்டர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள், சுவரில் எழுதினார்கள். ஒருவரும் கேட்கவில்லை. "எங்க தாத்தன் காலத்துலருந்து குடிக்கிற தண்ணி, இதுல என்னத்த வடிகட்ட?" என்பார்கள். அதனால், உள்ளே போன குஞ்சை உடம்புக்குள்ளேயே கொல்லும் மருந்து ஒன்றை ஆவாரம்பட்டையிலிருந்து எடுக்க முடியுமா என்பதே டாக்டரம்மாவின் கேள்வி.

எனக்குப் பயிற்சி ஒரு மாதம். மைக்ராஸ்கோப்பில் முதல் பத்து நாள் நான் பார்த்தது என் சொந்தக் கண்ணிமை மயிரைத்தான். பதினோராம் நாள் பூச்சியைப் பார்த்தேன். மற்றதெல்லாம் அவர் ஒரே கேள்வியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"எப்படித் தெரியும்?"

அதுதான் அந்தக் கேள்வி. ஒரு தெருவில் எல்லோரும் மருந்து சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொன்னால், "எப்படித் தெரியும்?" வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, "எப்படித் தெரியும்?" நான் ஈரத் தலையைக் காட்டினால், "குளிச்சிருக்கலாமே," என்பார். சிரிக்க மாட்டார். ஆனால் என்னை அவர் ஒருநாளும் நீ என்று அழைத்ததில்லை. பட்டை எடை போடுகிறவனை நீங்க என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். அதற்காகவே ஆயிரம் தடவை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருந்தேன்.

முதலாளிக்கோ இருப்புக்கொள்ளாது. வாரத்துக்கு ஒருமுறை குடையும் கையுமாக வந்துவிடுவார்.

"டாக்டரம்மா, புழு செத்துச்சா?"

"இன்னும் மருந்தே கொடுக்கலைங்க."

"குடுத்தா எப்பத் தெரியும்?"

"அடுத்த வருஷம் கோடையில."

"ஒரு வருஷமா? ஆட்டுத்தோலே ஒரு மாசத்துல பதமாயிருதேம்மா!"

"தோல் செத்த ஆட்டோடது. புழு உயிரோட இருக்கு. அது தன்னோட நேரத்துலதான் வளரும்."

முதலாளி யோசித்தார். "அந்தப் புழுவுக்கு ஏதாச்சும் சத்தானதாக் குடுத்து வெரசா வளத்துற முடியாதா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அதுதான். அந்த ஒரு வருஷத்தில் கண்ணாடி தேய்ந்தே போயிருக்க வேண்டும்.

சோதனைக்கு நிலக்கோட்டை ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருந்த மேலக்கிணத்துப்பட்டியைத் தேர்ந்தெடுத்தோம். பூத்தோட்டமும் சோளக்காடுமாக இருந்த ஊர், ஒரே ஒரு படிக்கிணறு. வீடுகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்தோம். பாதி வீடுகளுக்குச் சிவப்புக் காகிதப் பொட்டலம்: அதில் நிஜ மருந்து. மீதி வீடுகளுக்கு வெள்ளைப் பொட்டலம்: வெறும் கசப்பு மாவு. வாரம் ஒருமுறை தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். எந்தப் பொட்டலத்தில் எது என்று அப்போது எனக்கே தெரியாது. தெரிந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

நான் திங்கட்கிழமைதோறும் சைக்கிளில் போய்க் கொடுப்பேன். யார் யாருக்கு என்ன தந்தேன், யார் குடித்தார், யார் ஊரில் இல்லை, எல்லாவற்றையும் பெரிய நோட்டில் எழுத வேண்டும். டாக்டரம்மாவின் உத்தரவு: "சம்பந்தமில்லைன்னு உங்களுக்குத் தோணுறதையும் எழுதுங்க. சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன்."

இரண்டு மாதத்தில் சிவப்பு வீடுகளில் கலவரம். மருந்து சரியாகக் கரையவில்லை. பட்டைத் திப்பி பல்லில் மாட்டியது, தொண்டையில் குத்தியது. "தம்பி, மருந்து குடிச்சுட்டு மூணு நாளா மரத்தக் கடிச்ச மாதிரியே இருக்கு," என்று ஒருவர் வாயைத் திறந்தே காட்டினார். வெள்ளைப் பொட்டலம் நன்றாகக் கரைந்துவிடும். அவர்கள் ராஜா மாதிரி குடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா, உடம்பு சரியில்லாத தன் தகப்பனாரைப் பார்க்கச் சென்னை போயிருந்தார். விஷயம் முதலாளி காதுக்குப் போனது. மருந்தைக் கீழே கொட்டுகிறார்கள் என்று கேட்டதும் அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மறுநாளே நல்ல மெல்லிய மல் துணியை ஒரு முழம் ஒரு முழமாக வெட்டி, ஓரத்தில் சிவப்புக் கரை போட்டுத் தைத்து, என் சைக்கிளில் கட்டினார்.

"சிவப்பு வீட்டுக்கெல்லாம் வீட்டுக்கு ரெண்டு குடு. மருந்தை வடிகட்டிக் குடிக்கச் சொல்லு."

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை…"

"கேட்டா எப்படித் தெரியும், எதுக்குத் தெரியும்னு நூறு கேள்வி கேப்பாங்க. துணிதானலே? துணியில என்ன இருக்கு? நோட்டுல கீட்டுல எழுதி வச்சிராத."

நான் எழுதவில்லை. அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. டாக்டரம்மா திரும்பி வந்தபோதும் சொல்லவில்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் செய்த பெரிய தப்பு, எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிதான்.

அடுத்த கோடை வந்தது. மேலக்கிணத்துப்பட்டியில் கொப்புளங்கள் எழும்பத் தொடங்கின. நான் வீடு வீடாகப் போய்க் கால்களைப் பார்த்தேன். வெள்ளைப் பொட்டல வீடுகளில் வழக்கம்போல வீட்டுக்கு ஒருவர் கட்டிலில். சிவப்புப் பொட்டல வீடுகளில் ஊர் முழுக்க ஒரே ஒரு ஆள்.

டாக்டரம்மா அலமாரியில் பூட்டி வைத்திருந்த சீட்டைப் பிரித்து, சிவப்புதான் நிஜ மருந்து என்று சொன்ன நிமிஷம் முதலாளி குடையை மேலே எறிந்தார். அது உத்தரத்தில் மாட்டிக்கொண்டது, அதைக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஷாப்பு முழுவதற்கும் பிரியாணி. ஒரு வாரத்தில் மருந்துத் தொழிற்சாலைக்கு நிலம் பார்த்தாயிற்று. பேட்டண்ட் எழுதும் வக்கீலுக்குத் தந்தி போயிற்று. மருந்துக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்: சவரிசஞ்சீவி.

டாக்டரம்மா பிரியாணி சாப்பிடவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரோக்கியம், சந்தோஷப்படறவங்க படட்டும். தேறாத அந்த ஒருத்தரை எனக்குக் காட்டுங்க."

அந்த ஒருவர் சடையன். மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கிறவர், வீட்டில் தனி ஆள், நல்ல ஆகிருதி. கணுக்காலில் புழு. டாக்டரம்மா தினமும் என்னோடு ஜட்கா வண்டியில் போய் அவரே வைத்தியம் பார்த்தார். கொப்புளத்தின் மேல் குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். புழு தலையை நீட்டும். அதை ஒரு சுத்தமான தீக்குச்சியில் ஒட்டி, மெள்ள மெள்ளச் சுற்றுவார். ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை நீளம், அதற்கு மேல் இல்லை. எதிர்த்து இழுக்கிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, குச்சியைக் காலோடு வைத்துக் கட்டுப்போடுவார். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் பிடித்து ஆளையே சாய்த்துவிடும். இரண்டு மூன்று வாரம் இப்படி. சுற்றும்போதே பேச்சுக் கொடுப்பார்.

"சடையன், மருந்து ஒழுங்கா குடிச்சீங்களா?"

"திங்கக்கெழம தவறாமக் குடிச்சேன் தாயி. திப்பியையும் விடல, மென்டு தின்னுட்டேன்."

"எப்படித் தெரி…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். நோட்டில் எல்லாத் திங்கட்கிழமையும் சடையனுக்கு நேரே என் கையெழுத்தில் குறி இருந்தது. ஊரிலேயே மருந்தை முழுசாகச் சாப்பிட்ட ஆள் அவர்தான்.

ஒன்பதாம் நாள் என்று நினைக்கிறேன். சுற்றிக்கொண்டே டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தலையில கட்டியிருக்கீங்களே, நல்ல துணியா இருக்கே. சிவப்புக் கரை. எங்க வாங்கினது?"

நான் சட்டென்று குனிந்து நோட்டைப் புரட்டத் தொடங்கினேன்.

"கம்பெனி குடுத்ததுதான் தாயி. மருந்த வடிகட்டன்னு இந்தத் தம்பிதான் குடுத்துச்சு. எனக்கெதுக்கு வடிகட்டி? வெயிலுக்குத் தலையில கட்டிக்கிட்டேன்."

"மத்தவங்க?"

"அவுகளுக்கு அந்தத் துணி மேல உசிரு. கரத்துணி, பாக்க லெச்சணமா இருக்குன்னு குடத்து வாயில கட்டிக்கிட்டுத்தான் தண்ணிக்கே போறாக. வெள்ளப் பொட்டலக்காரிகளுக்கு ஒரே வயித்தெரிச்சல்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவில்லை. அன்றைய சுற்றை முடித்து, கட்டுப்போட்டு, எழுந்தார். பக்கத்து வீட்டில் பேச்சியம்மாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வீடு, ஒரு கொப்புளம் கிடையாது. வாசலில் மூன்று குடம், மூன்றின் வாயிலும் சிவப்புக் கரைத் துணி. மூன்றாவதை எங்கே சம்பாதித்தாளோ.

"பேச்சியம்மா, மருந்து எப்படி இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள். "தம்பி கோவிச்சுக்கக் கூடாது. மொத வாரம் வாயில வச்சேன், கொமட்டிருச்சு. அதுக்கப்புறம் அம்புட்டையும் ஆட்டுக்குத்தான் கலக்கி வச்சேன். தம்பி வாரப்ப வாயத் தொடச்சிக்கிட்டு நிப்பேன்."

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆட்டுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. அதுக்கும் சிலந்தி வரல."

ஜட்கா வண்டியில் திரும்பும்போது நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலாளி எழுதாதே என்று சொன்னதையும், நானும் சும்மா இருந்ததையும். வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டியிருந்தேன். அதைவிட, நாளை முதல் என்னை நீ என்று கூப்பிட்டுவிடுவாரோ என்பதுதான் பெரிய பயம்.

"நாளைக்கு ஒரு புது நோட்டு எடுத்துக்குங்க," என்றார் அவர். "வீடு வீடாப் போறோம். யாரு மருந்து குடிச்சா, யாரு குடத்துல துணி கட்டினா, ரெண்டும் தனித்தனியா. நீங்க கேளுங்க, நான் எழுதுறேன்."

மூன்று வாரம் கேட்டோம். போகும்போதே, மிச்சமிருந்த கரைத்துணியை வெள்ளை வீடுகளுக்கும் கொடுத்துக்கொண்டே போனோம். பொட்டலம் வைக்கோல் போருக்குள், உரக்குழியில், எலி வளையில் என்று எங்கெங்கோ போயிருந்தது. துணி மட்டும் குடத்தைவிட்டு இறங்கவில்லை. மருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும், துணி கட்டிய வீட்டில் புழு இல்லை. எந்த இன்ஸ்பெக்டர் சொல்லியும் கேட்காத ஊர், கரை நன்றாக இருக்கிறது என்பதற்காக வடிகட்டிவிட்டது.

முதலாளியிடம் சொல்ல நாங்கள் போனபோது, மேஜைமேல் சவரிசஞ்சீவி லேபிள் அச்சாகி வந்திருந்தது. அதில் அவர் படமும் இருந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொல்லி முடித்தார். முதலாளி தன் படத்தைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப துணிய விப்போம்!"

"எந்தப் பழைய வேட்டியும் போதும். நாலா மடிச்சுக் கட்டினாச் சரி."

"பழைய வேட்டிக்குப் பேட்டண்ட்…"

"கிடைக்காதுங்க."

"சரி. மருந்தையும் துணியையும் ஒண்ணா வச்சு விப்போம். அப்படித்தான குடுத்தோம்? அப்படித்தான நின்னுச்சு? அதுல பொய் என்ன இருக்கு?"

உண்மையில் அது நல்ல கேள்வி. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"துணிதான் வேலை செய்யுது. மருந்துக்கு அவங்க ஏன் காசு கொடுக்கணும்?"

"மருந்துக்குக் காசு வரலேன்னா துணிய எவன் குடுப்பான்? சும்மா சொன்னதுக்கு எவன் கேட்டான்? சொல்லுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப வேற ஊருக்குப் போவோம்," என்றார் முதலாளி, விடாமல். "துணி கெடையாது. மருந்து மட்டும். அதானே சரியான சோதன?"

"சரியான சோதனைதான். ஆனா பழைய வேட்டியில தீர்ற நோயை, துணி கொடுக்காம விட்டு ஒரு வருஷம் வேடிக்கை பாக்கணும். கொடுத்தா ஜனங்க கட்டிக்கிறாங்கன்னு முன்ன தெரியாது. இப்பத் தெரியும். என்னால முடியாதுங்க."

முதலாளி லேபிள்களை மேஜை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார். அந்த மாதக் கடைசியோடு ஆராய்ச்சிப் பிரிவு மூடப்பட்டது. டாக்டரம்மா அரசாங்க வேலைக்குத் திரும்பினார். போகும்போது எனக்குச் சுகாதாரத் துறையில் ஒரு வேலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் என்னைப் பற்றி, "தவறைத் தானே சொல்லக்கூடியவர்" என்று ஒரு வரி இருந்தது. தானே சொன்னேனா, சடையன் தலைத்துணி சொல்ல வைத்ததா என்று நான் அவரோடு வாதாடவில்லை.

நான் புது வேலையில் சேர்வதற்கு முன், அடுத்த கோடையில், மேலக்கிணத்துப்பட்டிக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஊரில் யாருக்கும் சிலந்தி வரவில்லை என்று முதலாளிக்கு மாலை போட்டு மரியாதை செய்யக் கூப்பிட்டார்கள். அவருக்குப் போக மனசில்லை. போகாமல் இருக்கவும் மனசில்லை. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். மேளம், மல்லிகைச் சரம், ஆரத்தி. சடையன் நன்றாக நடந்து வந்து முதல் மாலையைப் போட்டார். பெரியவர் ஒருவர் கும்பிட்டார்: "ஒங்க செவப்புப் பொட்டலந்தான்ய்யா எங்க காலக் காப்பாத்துச்சு."

முதலாளி மாலைகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நான் இருந்திருப்பேன்.

"மருந்து இல்லப்பா," என்றார். "துணி."

கூட்டம் சிரித்தது. "மொதலாளிக்கு என்னா அடக்கம் பாரு!"

"அட, நெசமாத்தான்! மருந்து ஒண்ணுக்கும் ஆகாது. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

"அப்படிச் சொல்லாதீக. அதக் குடிச்சுத்தான் நாங்க பொழச்சோம்," என்று அடித்துச் சொன்னாள் பேச்சியம்மாள், அதை ஆட்டுக்குக் கொடுத்தவள்.

முதலாளிக்கு வந்ததே கோபம். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, குடையைத் தரையில் தட்டித் தட்டி, தன் மருந்து எதற்கும் உதவாத மருந்து என்று கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார். தன் சரக்கை அப்படித் திட்டிய ஒரு வியாபாரியை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசியில் குரல் கம்மி, வியர்த்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

பேச்சியம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடத்திலிருந்து துணி வழியாக ஊற்றிய தண்ணீர். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"சரி மொதலாளி, துணிதான்னே வச்சுக்குவோம். முன்ன குடுத்த துணியெல்லாம் நைஞ்சு போச்சு. அடுத்த துணி எப்ப வரும்?"

"பழைய வேட்டிய மடிச்சுக் கட்டுங்கம்மா. அதுவே போதும்."

"பழைய வேட்டியவா? குடத்துலயா? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாக?"

முதலாளி செம்பைக் கீழே வைத்தார். பேச்சியம்மாளைப் பார்த்தார். பின்னால் வரிசையாக நின்ற பெண்களையும், அவர்கள் இடுப்பில் கிழிந்த துணியோடு இருந்த குடங்களையும் பார்த்தார். அடங்கிய குரலில் என்னைக் கேட்டார்.

"ஏலே ஆரோக்கியம், இந்த ஊர்ல மொத்தம் எத்தன வீடு?"